திரைக்குப் பின்னால் ஒரு மடக்கு

“என் கை அளந்து ஊத்தினதைச் சரிபார்க்க இன்னொரு கண்ணு இந்தத் தீவுல இன்னும் பொறக்கல.”

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழாம் ஆண்டு, பினாங்கில் குயின் ஸ்திரீட்டை ஒட்டிய ஒரு சந்தில், அபின் பழக்கத்தை விடுவிக்கும் இலவச மருந்துக் கொட்டகை திறந்த நாளில், கம்பவுண்டர் செபாஸ்டியன் நாற்பது பேருக்கு முன்னால் நின்று இப்படி அறிவித்தார். நாற்பது பேரில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் அவர் நின்ற தோரணையைப் பார்த்துவிட்டு எல்லாருமே தலையாட்டினார்கள்.

இதை வெறும் வாய்வீச்சு என்று தள்ளிவிட முடியாது. பதினான்கு வருஷம் ஓர் ஆங்கில மருந்துக்கடையில் மருந்து கலந்தவர். முப்பது சொட்டு என்று சீட்டில் எழுதியிருந்தால், பக்கத்தில் நிற்பவரோடு கோயில் திருவிழாவைப் பற்றிப் பேசிக்கொண்டே முப்பது சொட்டு விடுவார். முப்பத்தொன்றாவது சொட்டு போத்தலின் விளிம்புவரை வந்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிப் போய்விடும் என்று மருந்துக்கடைப் பையன்கள் சொல்லிக்கொள்வார்கள்.

கொட்டகையின் வைத்தியத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அந்த வருஷம் மலாய் நாடு முழுவதும் ஒரு காட்டுக் கொடியின் இலையைப் பற்றித்தான் பேச்சு. இலையை வறுத்து, பெரிய கொப்பரையில் நாள் முழுக்கக் காய்ச்சி, அந்தச் சாற்றை இரண்டு போத்தல்களில் நிரப்புவார்கள். அபின் தின்கிறவர் ஒரு நாளைக்குத் தின்கிற அளவைக் கொண்டுவந்து முதல் போத்தலில் கரைக்க வேண்டும். தினம் காலையும் மாலையும் முதல் போத்தலிலிருந்து ஒரு சிறு குவளை குடிக்க வேண்டும். குடித்த அளவுக்கு இரண்டாம் போத்தலிலிருந்து வெறும் சாற்றை முதல் போத்தலில் ஊற்றி நிரப்ப வேண்டும். இப்படியே முதல் போத்தலில் அபின் நாளுக்கு நாள் நீர்த்துக்கொண்டே போகும். நாற்பது நாளில் உடம்பை ஏமாற்றிப் பழக்கத்தை ஊருக்கு அனுப்பிவிடலாம்.

போத்தல்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் முதல் போத்தலை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இரண்டாவதில் சட்டை நனைத்து வெயிலில் போகிறார்கள் என்று தெரிந்தது. அதனால் கமிட்டி ஒரு தீர்மானம் செய்தது: போத்தல்கள் எல்லாம் பெயர்ச் சீட்டு ஒட்டிக் கொட்டகை அலமாரியிலேயே இருக்க வேண்டும், நம்பிக்கையான ஒருவர் ஊற்றித் தர வேண்டும். கமிட்டித் தலைவர், சூலியா ஸ்திரீட்டில் கப்பல் சாமான் கடை வைத்திருந்த அப்துல் காதர். நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று அவர் யோசித்த மறுநிமிஷம் செபாஸ்டியன் அங்கே நின்றார்.

நம்பிக்கையான ஆள் தாமும் ஆறு வருஷமாக அபின் எடுத்துக்கொண்டிருந்தார் என்பது அப்துல் காதருக்குத் தெரியாது. அமலம்மாளுக்கும் தெரியாது. அவள் அவருடைய மனைவி. வயிற்று வலிக்கு ஏதோ குடிக்கிறார் என்று நினைத்திருந்தாள். உண்மையில் அது பல்வலியில் தொடங்கியது. பல் போய்விட்டது, மருந்து போகாமல் தங்கிவிட்டது. மருந்துக்கடை முதலாளி ஒருநாள் காரணம் சொல்லாமல் அலமாரிக்குப் பூட்டுப் போட்டார். மானமுள்ள செபாஸ்டியன் காரணம் கேட்காமல் வேலையை விட்டார்.

கொட்டகை வேலையை அவர் கேட்டு வாங்கியதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. இலைச்சாறு பக்கத்திலேயே இருக்குமே, யாருக்கும் தெரியாமல் நாமும் தேறிவிடலாம் என்றுதான் வந்தார். இரண்டு நாள் வெறும் சாற்றை மட்டுமே குடித்தார். மூன்றாம் நாள் காலையில் முழங்காலுக்குள் எறும்பு ஊர்ந்தது. கண்ணில் நீர் வழிந்தது. வரிசையில் முதலாவதாக நின்ற தையல்காரரின் போத்தலை எடுத்தவர், தமக்கும் ஒரே ஒரு மடக்கு ஊற்றிக்கொண்டு, குறைந்த அளவுக்குச் சாறு விட்டு நிரப்பினார். அளவு துளியும் பிசகவில்லை.

அன்று மாலையே அலமாரிக்கு முன்னால் ஒரு திரை தொங்கியது.

“எதுக்குக் கம்பவுண்டரே திரை?” என்று அப்துல் காதர் கேட்டார்.

“ஒவ்வொருத்தர் போத்தலுக்கும் ஒரு பரலோக மந்திரம் சொல்லிட்டு ஊத்தலாம்னு பார்க்கிறேன் முதலாளி. நாலு பேர் பார்க்கறப்ப மந்திரம் சொன்னா மனசு ஒருமைப்படாது.”

“சொல்லுங்க, சொல்லுங்க. துஆ யாருதா இருந்தா என்ன, குணமானாச் சரி.”

சொன்னபடியே அவர் மந்திரமும் சொன்னார். சொல்லாமல் சொன்னதாக ஏமாற்றினால் அது வேறொரு பாவமாகிவிடும் அல்லவா. குடித்த வாயால் சொல்லக் கூடாது என்று முதலில் மந்திரம், பிறகு மடக்கு என்று ஒழுங்கு வைத்துக்கொண்டார். ‘எங்களைச் சோதனையில் விழவிடாதேயும்’ என்ற வரி வரும்போது மட்டும் அவர் குரல் தாழ்ந்துவிடும். வெளியே நிற்பவர்கள் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள்.

இங்கேதான் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. அவர் குடிக்கக் குடிக்க, மற்றவர்களின் போத்தலில் அபின் இரண்டு மடங்கு வேகத்தில் நீர்த்தது. கொஞ்சமாகத் தின்று பழகியவர்களுக்கு அந்த வேகமும் தாங்கியது. நாற்பது நாளில் தேற வேண்டியவர்கள் இருபதே நாளில் தேறினார்கள். தையல்காரர் பட்டாசுக் கட்டோடு வந்து அந்தச் சந்து முழுவதையும் அதிர வைத்தார். கடற்கரைப் பக்கம் இருந்த இன்னொரு கொட்டகையிலிருந்து இரண்டு பேர் வந்து, திரையின் நீள அகலத்தை நூலால் அளந்துகொண்டு போனார்கள். அங்கேயும் திரை கட்டினார்களாம். மந்திரம் தெரியாததால் ஊற்றுகிறவர் திரைக்குப் பின்னால் வாய்க்குள் முனகினாராம். அங்கே ஒருவரும் சீக்கிரம் தேறவில்லை. துணி மட்டம் என்று வேறு துணி வாங்கிக் கட்டிப் பார்த்தார்கள்.

செபாஸ்டியனின் புகழ் மாதா கோயில்வரை போயிற்று. கோயிலில் பெண்கள் பக்கத்து முன் வரிசையில் அமலம்மாளுக்கு இடம் ஒதுக்கினார்கள். பூசை நேரம் முழுவதும் அவளுடைய நிமிர்ந்த முதுகு அவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு ஒழுங்காக ஒரு செபமும் சொல்ல முடியவில்லை.

எல்லாரும் தேறிக்கொண்டு வந்தால் அலமாரியில் சாறு மட்டும்தானே மிஞ்சும். ஆகவே அவர் தெருவுக்கு இறங்கினார். வண்டிப்பேட்டையிலும் படகுத் துறையிலும் நின்று அபின் அரக்கனைப் பற்றிப் பேசினார். அவரைப் போல் உருகிப் பேசியவர் அந்த வருஷம் பினாங்கில் இல்லை. “வாங்க. இருக்கிறதையெல்லாம் கொண்டு வாங்க. கொஞ்சத்தை வீட்டுல ஒளிச்சு வைக்காதீங்க,” என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்வார்.

அப்படி ஒரு பேச்சைக் கேட்டு வந்தவன்தான் சின்னையா. துறையிலிருந்து கிட்டங்கிகளுக்கு அரிசி மூட்டை ஏற்றும் மாட்டுவண்டிக்காரன். ஏதோ ஒரு தோட்டத்தில் காய்ச்சலோடு கிடந்தபோது பிடித்த பழக்கம். மற்றவர்கள் தின்பதில் மூன்று மடங்கு தின்பான். ஒளித்து வைக்காதே என்றதால் ஒரு குன்றிமணி கூட மிச்சம் வைக்காமல் கொண்டுவந்து கரைத்தான். அவனுடைய முதல் போத்தல் கறுத்துக் கெட்டியாக இருந்தது.

“அண்ணே, எனக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலா மந்திரம் சொல்லுங்கண்ணே. என் உடம்பு மாட்டு உடம்பு.”

“சொல்றேன் தம்பி.”

வாக்குத் தவறவில்லை. சின்னையாவின் போத்தலுக்குத்தான் எல்லாரையும் விட நீளமான செபம். மற்றவர்களிடம் ஒரு மடக்கு என்றால் இவனிடம் மூன்று. ஒரே இடத்தில் எடுத்துவிட்டால் மற்ற இருபது பேரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்ற இரக்கமும் அதில் இருந்தது.

ஐந்தாம் நாள் சின்னையாவுக்குத் தும்மல் நிற்கவில்லை. ஆறாம் நாள் வயிறு போயிற்று. கால் குடைச்சலில் சுவரை உதைத்தான். எட்டாம் நாள் வண்டியிலிருந்து உருண்டு தெருவில் விழுந்தான். மாடு அவனுக்காகக் காத்திராமல் கிட்டங்கிக்குப் போய், மூட்டையோடு முறையாக வரிசையில் நின்றது.

பத்தாம் நாள் கமிட்டி கூடியது. மருந்து எல்லாருக்கும் ஒத்துக்கொள்கிறது, இவனுக்கு மட்டும் ஏன் இல்லை? வெளியே வாங்கித் தின்கிறான், அதனால்தான் உடம்பு குழம்புகிறது என்று முடிவுக்கு வந்திருந்தார்கள். சின்னையா இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தான். அவன் மனைவி வடிவம்மாள், எட்டு மாதக் கைக்குழந்தையோடு வாசலில் நின்றிருந்தாள்.

“சத்தியமா?” என்றாள். “இந்த மனுஷன் போன வருஷம் மாரியம்மன் கோயில்லயும் சத்தியம் பண்ணுச்சு. கற்பூரம் அணையறதுக்குள்ள காணாமப் போச்சு.”

யாரோ சிரித்தார்கள். அப்துல் காதர் கையை உயர்த்தினார்.

“கம்பவுண்டரே, ஒரு வார்த்தை. அளவுல எங்கயாச்சும் தப்பு நடந்திருக்குமா?”

அந்தக் கேள்விக்குப் பல பதில்கள் இருந்தன. செபாஸ்டியன் அவற்றில் உண்மையாகவும் இருந்து உதவாமலும் போகக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

“என் அளவுல தப்பிருக்காதுங்க.”

“அண்ணனை ஏன் கேக்குறீங்க முதலாளி?” என்றான் சின்னையா. மூக்கைத் தோள்துண்டில் துடைத்துக்கொண்டான். “அவரு தெய்வம். நெஞ்சுருகச் செபம் சொல்றாரு, நான் வெளிய நின்னு கேட்டிருக்கேன். என் மனசுல ஏதோ கோளாறு இருக்கு, அதான் புடிக்க மாட்டேங்குது. அண்ணே, உங்க பேரைக் கெடுத்துட்டேன். மன்னிச்சுக்குங்க.”

மன்னிக்கும் உரிமை செபாஸ்டியனுக்குக் கிடைத்தது. அவர் தலையை மட்டும் அசைத்தார். சின்னையாவின் பெயரைக் கமிட்டி அடித்துவிட்டது. பொய்யன் என்ற பெயரை வண்டிப்பேட்டை சேர்த்துக்கொண்டது.

வடிவம்மாள் நேராக அலமாரிக்கு வந்தாள். “இவருக்குரிய போத்தலைக் குடுங்கண்ணே. நாகப்பட்டணம் கப்பல் வர இன்னும் மூணு வாரம் கிடக்கு. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு எங்கண்ணன் வீட்டுக்கே போயிரப் போறேன். அதுவரைக்கும் சும்மாதானே கிடக்கேன், நானே ஊத்திப் பார்க்கிறேன். கடைசி வரைக்கும் பார்த்தேன், முடியலன்னு நாளைக்கு நாலு பேருகிட்டச் சொல்லிக்கலாம்ல.”

அடுத்த பத்து நாள் செபாஸ்டியனுக்கு மோசமான காலம். கெட்டியான போத்தல் போய்விட்டது. மற்றவர்கள் போத்தல்களில் மிஞ்சிய சொச்சங்களைத் துழாவிக்கொண்டிருந்தார். மந்திரங்கள் நீண்டுகொண்டே போயின. வரிசையில் நிற்பவர்கள் கால் வலிக்கிறது என்று முணுமுணுத்தார்கள்.

பதினோராம் நாள் காலை வடிவம்மாள் இரண்டு போத்தல்களோடு வந்தாள். இரண்டையும் மேசைமேல் வைத்தாள்.

“நாக்குல வச்சுப் பாருங்கண்ணே. இது இங்க பத்து நாள் ஊத்தின பழைய போத்தல். இது நான் புதுசா அபின் வாங்கி அதே அளவு கரைச்சு, வீட்டுல பத்து நாள் ஊத்தினது. என்னோடது இன்னும் கசக்குது. உங்களோடது வெறும் இலைத்தண்ணி.”

செபாஸ்டியன் நாக்கில் வைக்கவில்லை.

“மனுஷன் இப்ப நல்லாத் தூங்குது. வேலைக்குப் போவுது. அப்ப இங்க என்ன நடந்திருக்கு?” அவள் குரலைத் தாழ்த்தினாள். “எனக்குத் தெரிஞ்சு போச்சுண்ணே. நீங்க கண்ணை மூடிச் செபம் சொல்றப்ப, இது பின்னால வந்து திருடிக் குடிச்சிருக்கு. ஒரேயடியாக் குடிச்சிட்டு அப்புறம் இல்லாம நடுங்கியிருக்கு. நீங்க நல்லவரு, காட்டிக் குடுக்க மாட்டீங்க. ஆனா ஒரு வார்த்தை சொல்லிருங்க. திருடன்னு தெரிஞ்சா நான் அடுத்த வாரம் வியாழக்கிழமை கப்பல் ஏறிருவேன். குணமானாலும் திருடனோட குடும்பம் நடத்த என்னால முடியாது.”

“பார்த்துச் சொல்றேன் தங்கச்சி,” என்றார் செபாஸ்டியன். பார்ப்பதற்கு என்ன இருந்தது என்று அவருக்கே தெரியாது.

மதியமே கோயிலுக்குப் போய், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டார். வாரம் தவறாமல் “சில்லறைத் திருட்டு, சில தடவை” என்று சொல்லிவந்தவர். அன்றைக்குச் சாமியார் எதை, எவனிடமிருந்து, எத்தனை தடவை என்று கேட்டார். எத்தனை தடவை என்பதற்குச் செபாஸ்டியன் மடக்குக் கணக்கில் துல்லியமாகப் பதில் சொன்னார். அந்தத் துல்லியத்தைக் கேட்டுச் சாமியார் கம்பி வலைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார். பிறகு, அந்த வண்டிக்காரனிடம் போய்ச் சொல்லிவிட்டு வா, மன்னிப்பை அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

வண்டிக்காரன் வீட்டைவிட அப்துல் காதரின் கடை பக்கத்தில் இருந்தது. அதனால் அங்கே முதலில் போனார். கயிற்றுச் சுருள்களுக்கு நடுவில் உட்கார்ந்து, தொடக்கம் முதல் கடைசி மடக்குவரை எல்லாவற்றையும் சொன்னார். அப்துல் காதர் தேநீர் வரவழைத்தார். தேநீர் ஆறும்வரை தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கம்பவுண்டரே, உங்களுக்கு உடம்பு அசதி.”

“இல்லைங்க முதலாளி. நான் திருடியிருக்கேன்.”

“நூத்துப் பத்துப் பேர் குணமாயிருக்காங்க. கொட்டகைக்குச் சீனவங்க, மலாய்க்காரங்க, நம்மாளுங்க எல்லாரும் வர்றாங்க. எங்க கம்பவுண்டர் திருடினதாலதான் சீக்கிரம் குணமாச்சுன்னு நான் நோட்டீஸா அடிக்க முடியும்? அடிச்சா மத்த கொட்டகைக்காரன் எல்லாம் திருட ஆரம்பிச்சிருவான். பத்து நாள் லீவு எடுத்துக்குங்க.”

“சின்னையா பேரு?”

“அடிச்ச பேரைத் திரும்ப எழுதினா ஏன்னு கேப்பாங்கல்ல.”

கமிட்டிப் புத்தகத்தில் அன்று ஒரே ஒரு வரி ஏறியது: மிகையான உழைப்பினால் களைத்த கம்பவுண்டருக்கு ஓய்வு. அன்றைக்கே அவருடைய பிசகாத அளவைப் பாராட்டி ஒரு நற்சாட்சிப் பத்திரமும் கொடுத்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு அதற்காகப் பாராட்டுப் பெற்ற ஒரே மனிதர் அந்த வருஷம் பினாங்கில் அவர்தான் என்று நினைக்கிறோம்.

வண்டிப்பேட்டைக்குப் பின்னால் சின்னையாவின் வீடு. சாயங்காலம் போனார். ஒரு தகரப் பெட்டி திறந்து கிடந்தது. குழந்தையின் துணிகள் பாதி மடித்து உள்ளே இருந்தன. சின்னையா மாட்டுக்குத் தும்புக்கயிறு முறுக்கிக்கொண்டிருந்தான். எழுந்து பலகையைத் தள்ளிப் போட்டான்.

“உட்காருங்கண்ணே.”

செபாஸ்டியன் உட்காரவில்லை. வண்டிப்பேட்டையில் உருகிப் பேசிய வாய்க்கு இங்கே இரண்டு வாக்கியம்தான் வந்தது. “சின்னையா திருடல தங்கச்சி. உங்க போத்தல்லேருந்து தினம் ரெண்டு வேளையும் எடுத்துக் குடிச்சது நான்.”

கயிறு முறுக்கும் சத்தம் நின்றது.

“நீங்களா?” என்றாள் வடிவம்மாள்.

“நான்தான். எனக்கும் அந்தப் பழக்கம் இருக்கு. ஆறு வருஷமா.”

“அப்ப அந்தச் செபம்?”

“அதுவும் நான்தான்.”

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “ஒரே வாய்க்கு ரெண்டு உத்தியோகம் குடுத்திருக்கீங்க,” என்றாள்.

சின்னையா இதையெல்லாம் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. கயிற்றைக் கீழே வைத்துவிட்டு, வேறு எதையோ கூட்டிப் பார்க்கிறவன் போல விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்ப என் மனசுல கோளாறு இல்லையாண்ணே?”

“இல்ல தம்பி.”

“நான் நெசமாத்தான் விட்டிருந்தேனா?”

“நெசமாத்தான்.”

அவன் முகத்தைத் தோள்துண்டால் மூடிக்கொண்டான். திட்டுவான், அடிப்பான், மாட்டுச் சாட்டையை எடுப்பான் என்றெல்லாம் செபாஸ்டியன் வழியெல்லாம் தயாராகிக்கொண்டு வந்திருந்தார். சாட்டை ஆணியில்தான் தொங்கியது. துண்டுக்குள்ளிருந்து வந்த விம்மலுக்கு அவரிடம் எந்தத் தயாரிப்பும் இல்லை.

“இதை இங்க சொன்னது போதாது,” என்றாள் வடிவம்மாள். “பேரு கெட்டது பேட்டையில.”

மறுநாள் காலை, வண்டிகள் கிளம்பும் நேரத்தில், செபாஸ்டியன் பேட்டையில் நின்று அதே இரண்டு வாக்கியத்தைச் சொன்னார். சில வண்டிக்காரர்கள் அதை நம்பவில்லை. நம்பியவர்களில் ஒருவன், “எங்கப்பன் போத்தலும் அங்கதானேடா இருக்கு,” என்று இறங்கி ஓடினான். ஒரு கிழவர் அவர் காலடியில் துப்பிவிட்டு மாட்டை ஓட்டினார். செய்தி மத்தியானத்துக்குள் கோயிலுக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அமலம்மாள், யாரும் சொல்வதற்கு முன்பே, கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். வீட்டில் அவருக்கு நேரத்துக்குச் சோறு மட்டும் போட்டாள்.

வியாழக்கிழமை நாகப்பட்டணம் கப்பல் சங்கு ஊதிப் புறப்பட்டது. வடிவம்மாள் அதில் இல்லை. அன்று மாலை அவளே செபாஸ்டியன் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“இன்னும் குடிக்கிறீங்களா?”

பொய் சொல்ல அவரிடம் தெம்பில்லை. “ஆமா தங்கச்சி. எங்கயோ வாங்கிக் குடிக்கிறேன். நானே ரெண்டு போத்தல் வச்சு அளந்து பார்த்தேன். அளவு சரியாத்தான் இருக்கு. ஊத்தி முடிச்சதும் இன்னொரு தடவை ஊத்திக்கிறேன்.”

“போத்தலைக் குடுங்க. நாளையிலேருந்து காலையும் மாலையும் எங்க வீட்டுக்கு வாங்க. இது உங்க மேல பரிதாபப்பட்டு இல்ல. உங்களை இப்படியே விட்டா வேற எவன் போத்தலையாவது தேடிப் போவீங்க.”

அப்படித்தான் அந்த நாற்பது நாளும் நடந்தது. வடிவம்மாளிடம் அளவுக் கண்ணாடி கிடையாது. குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையால் ஊற்றினாள். அதில் கோடு இல்லை, எண் இல்லை. சில நாள் கொஞ்சம் கூடியது, சில நாள் குறைந்தது. பதினான்கு வருஷக் கம்பவுண்டர் தரையில் உட்கார்ந்து, அந்தத் தப்பான அளவுகளை ஒவ்வொன்றாகக் குடித்தார். பத்தாம் நாள் வாக்கில் கால் குடைச்சல் வந்தபோது, சின்னையா வந்து அவர் கெண்டைக்காலை அமுக்கிவிட்டான். அதைப் பொறுத்துக்கொள்வதுதான் அவருக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. வேண்டாம் தம்பி என்றார். அவன் விடவில்லை.

நாற்பத்திரண்டாம் நாள் காலை வடிவம்மாள் முதல் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நுனி நாக்கில் தொட்டும் பார்த்தாள்.

“இதுல இனி ஒண்ணுமே இல்லண்ணே. வெறும் இலைத்தண்ணி. வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. நீங்களே ஊத்திக் குடிச்சுக்கலாம்.”

அவள் போத்தலை நீட்டினாள். செபாஸ்டியன் கையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

“நீங்களே பார்த்து ஊத்துங்க தங்கச்சி,” என்றார்.